சார்ஜ்ல போட்டா டச் ஏன் தானா ஆடுது? கூண்டுக்குள் உட்கார்ந்து விடை கண்ட மைக்கேல் ஃபாரடேவின் கதை

பாகூர் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகை. சுவர் பிளக்கில் விலை குறைந்த சார்ஜர். போனை அதில் செருகிவிட்டு வாட்ஸ்அப்பில் பதில் அடிக்கப் பார்த்தால், ஒரு எழுத்தைத் தொட்டால் வேறு எழுத்து விழுகிறது. ஸ்கிரீன் தானாக மேலும் கீழும் ஓடுகிறது. சார்ஜரைக் கழற்றினால் அடுத்த நொடியே போன் சமர்த்து. வில்லியனூரில் புதிதாக மாட்டிய டச் சுவிட்ச் போர்டும் இப்படித்தான். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் யாரும் தொடாமலே விளக்கு அணையலாம்.

டெக் உலகம் இதற்கு வைத்த பெயர் 'கோஸ்ட் டச்'. பேய் எதுவும் இல்லை. எல்லாம் மின் இரைச்சல் செய்யும் வேலை.

இந்த இரைச்சல் எப்படி உள்ளே வருகிறது, அதை எப்படி அடக்குவது என்பதற்கான அடிப்படை விடைகள் கிட்டத்தட்ட 190 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டன. கண்டுபிடித்தவர் கல்லூரிப் பக்கம் போகாத ஒரு கொல்லர் மகன். பெயர் மைக்கேல் ஃபாரடே.

முதலில், டச் எப்படி வேலை செய்கிறது?

போனின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி. உங்கள் விரலும் மின்சாரத்தைக் கடத்தும். அது அருகில் வந்ததும் அந்த இடத்து மின்தேக்குத் திறன் கொஞ்சம் மாறுகிறது. போனில் இருக்கும் சிப் அந்த மாற்றத்தை அளந்து, இங்கேதான் தொட்டார்கள் என்று முடிவு செய்கிறது.

எவ்வளவு மாற்றம்? மின்தேக்குத் திறனின் அலகு ஃபாரட். அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிகோஃபாரட். விரல் ஏற்படுத்தும் மாற்றம் அந்த ஒரு பிகோஃபாரட்டிலும் ஒரு சிறு பகுதிதான். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது மாதிரியான வேலை இது. கூட்டத்தின் சத்தம் ஏறினால் காது ஏமாறும். சிப்பும் அப்படித்தான் ஏமாறுகிறது.

ஃபாரட் என்ற அந்த அலகின் பெயரே ஃபாரடேவிடமிருந்து வந்ததுதான்.

கொல்லர் மகன், பைண்டிங் கடைப் பையன்

ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22, லண்டன் ஓரத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில். அப்பா ஜேம்ஸ், கொல்லர்; அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். பஞ்ச காலத்தில் ஒரு முழு ரொட்டியை ஒரு வாரத்துக்கு வைத்துச் சாப்பிட வேண்டிய நிலையும் வந்தது. படிப்பு, எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு நின்றது.

13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அடுத்த வருடம் அங்கேயே பைண்டிங் தொழில் பழக 7 வருட ஒப்பந்தம். இந்தக் கடைதான் அவருக்குக் கல்லூரி. பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைத் தைப்பதற்கு முன்னால் படித்துவிடுவார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. படித்ததை அப்படியே நம்பிவிட மாட்டார். கைக்காசில் சாமான் வாங்கி, செய்து பார்த்துச் சரிபார்ப்பார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ் அவருக்கு ஒரு டிக்கெட் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் ஹம்ஃப்ரி டேவி பேசும் சொற்பொழிவுகளுக்கான டிக்கெட். டேவி அந்தக் காலத்து அறிவியல் நட்சத்திரம். ஃபாரடே ஒவ்வொரு உரையையும் குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், தானே பைண்டிங் செய்தார், அதை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். தெரிந்த தொழிலையே பயோடேட்டாவாக மாற்றிவிட்டார் என்று சொல்லலாம்.

உடனே வேலை கிடைக்கவில்லை. சில மாதங்களில் அங்கிருந்த உதவியாளர் சண்டை போட்டு வேலையை இழக்க, 1813 மார்ச்சில் அழைப்பு வந்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்க மாடியில் இரண்டு அறை.

உதவியாளரா, வேலைக்காரரா?

அதே ஆண்டு டேவி தம்பதியோடு ஐரோப்பியப் பயணம். டேவியின் பணியாள் வர மறுத்துவிட, துணிமணி எடுத்து வைக்கும் வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பயணத்தைப் பாதியில் விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு ஃபாரடே நொந்துபோனார். ஆனால் வழியில் ஆம்பியர், வோல்டா போன்றவர்களை நேரில் பார்க்கும் வாய்ப்பும் அதே பயணத்தில்தான் கிடைத்தது.

1821-ல் சாரா பர்னார்டைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில், பாதரசத்தில் தொங்கவிட்ட கம்பி ஒன்றை மின்சாரத்தின் உதவியால் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்று பாகூர் வயல்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அந்த யோசனை வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியுடையது, கீழ்நிலை உதவியாளர் அதை எடுத்துக்கொண்டார் என்று பேச்சு கிளம்பியது. வொல்லாஸ்டன் எதிர்பார்த்தது வேறு விதமான அசைவு. ஆனாலும் முன்னவர்களின் பெயரைச் சொல்லாமல் ஃபாரடே அவசரமாக வெளியிட்டது உண்மை. பட்டமும் பின்னணியும் இல்லாத ஒருவருக்கு இப்படி ஒரு பழி வந்தால் வாழ்க்கையே முடிந்துபோகும். 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தேர்தலில் அவர் நின்றபோது எதிர்த்தவர் அதன் தலைவர். அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, டேவியேதான். இருந்தும் ஃபாரடே தேர்வானார். எதிராக விழுந்தது ஒரே ஓட்டு.

சார்ஜருக்குள் இருக்கும் 1831

1831 ஆகஸ்ட் 29. இரும்பு வளையம் ஒன்றின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பிச் சுருள். ஒரு சுருளில் மின்சாரத்தைப் போடும் நொடியிலும் எடுக்கும் நொடியிலும், அதோடு தொடர்பே இல்லாத மறு சுருளில் மின்சாரம் துள்ளியது. உலகின் முதல் டிரான்ஸ்ஃபார்மர் அதுதான்.

உங்கள் சார்ஜருக்குள்ளும் இதன் குட்டி வடிவம் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் குறைந்த வோல்டேஜாக மாற்றுகிறது சார்ஜர்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடாவிட்டாலும், நெருக்கமாக இருக்கும் இரண்டு உலோகங்கள் என்பதால் அவற்றுக்கு நடுவிலும் ஒரு கெப்பாசிட்டர் உருவாகிவிடுகிறது. வெட்டும் வேகத்தில் எழும் இரைச்சல் அதன் வழியாகப் போன் பக்கம் கசிகிறது. நல்ல சார்ஜரில் அதை வந்த வழியே திருப்பி அனுப்ப 'ஒய் கெப்பாசிட்டர்' என்ற பாகம் இருக்கும். காசை மிச்சம் பிடிக்கும் சார்ஜர்களில் கைவைக்கப்படுவது இந்த மாதிரிப் பாகங்களில்தான்.

12 அடிக் கூண்டு

1836 ஜனவரி. ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் ஃபாரடே ஒரு விநோதமான பெட்டியைக் கட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அடி. மரச் சட்டம், சுற்றிலும் செப்புக் கம்பி, காகிதம், வெள்ளீயத் தகடு. தரையோடு மின்தொடர்பு இல்லாதபடி தூக்கி நிறுத்தி, மின்னூட்ட இயந்திரத்தால் அதை ஏற்றச் சொன்னார். எரியும் மெழுகுவத்தி, மின்னூட்டம் அளக்கும் கருவிகள் சகிதம் தானே உள்ளே போய் உட்கார்ந்தார்.

வெளியே பெட்டியின் சுவரிலிருந்து தீப்பொறி பறந்தது. உள்ளே கருவி அசையவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உலோகக் கலத்துக்குள் மின்னூட்டம் தெரிவதில்லை என்பதை பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கு முன்பே கவனித்திருந்தார். ஃபாரடே அதை ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கிச் சந்தேகமில்லாமல் நிரூபித்தார். மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவை எல்லாம் ஒரே மட்டத்துக்கு ஒன்றாக உயர்கின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

கோஸ்ட் டச் மர்மத்துக்கான சாவி இந்த ஒரு வரியில் இருக்கிறது. சார்ஜரில் இல்லாத போன் உங்கள் கையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். இரண்டுக்கும் பெரிதாக வித்தியாசம் வராது. மட்டமான சார்ஜரில் செருகியதும் போன் முழுவதும் இரைச்சலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. நீங்களோ தரையில் நிற்கிறீர்கள், ஆடவில்லை. இப்போது போனுக்கும் உங்களுக்கும் நடுவில் வித்தியாசம் வந்துவிட்டது. விரல் வைத்த அதே இடத்தில் அது உள்ளே பாய்கிறது. தொடாதவரை சும்மா இருக்கும் ஸ்கிரீன், தொட்ட பிறகு அந்தக் கோட்டை ஒட்டியே தப்பு தப்பாகத் துள்ளுவது இதனால்தான்.

எஞ்சினியர்கள் எடுக்கும் மருந்தும் அதே கூண்டிலிருந்துதான். டிஸ்ப்ளேவின் இரைச்சல் மேலே வராமல் இருக்க, அதற்கும் டச் அடுக்குக்கும் நடுவில் கவசம் போல ஒரு மெல்லிய மின்கடத்திப் படலம் வைத்தார்கள். டச் சுவிட்ச் போர்டுகளில் இன்னும் நுட்பமான ஒரு வழி உண்டு. உணரும் தகட்டைச் சுற்றி ஒரு காவல் தகடு வைத்து, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வோல்டேஜைக் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதால் அவற்றுக்கு நடுவில் வித்தியாசம் இல்லை. சுற்றியிருக்கும் ஒயர், உலோகப் பெட்டி எல்லாம் காவலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

நடுவில் என்ன இருக்கிறது?

1837-ல் அடுத்த கேள்வி. இரண்டு உலோகங்களுக்கு நடுவில் இருக்கும் பொருளுக்கு ஏதாவது பங்கு உண்டா? இல்லை, அது வெறும் இடைவெளிதான் என்பது அன்றைய பலரின் எண்ணம்.

ஃபாரடே அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு கருவிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் கோளத்துக்குள் இன்னொரு கோளம். ஒன்றில் நடுவே காற்று. மற்றதில் ஷெல்லாக் என்னும் அரக்கு, கண்ணாடி, கந்தகம் என்று மாற்றி மாற்றி நிரப்பினார். ஒன்றில் மின்னூட்டம் ஏற்றி மற்றதோடு பகிர வைத்தால் சரிபாதியாகப் பிரிய வேண்டும். பிரியவில்லை. அரக்கு இருந்த பக்கம் அதிகம் பிடித்துக்கொண்டது. ஆக, நடுவில் இருப்பதும் வேலை செய்கிறது.

ஹென்றி கேவண்டிஷ் இதைப் பல வருடங்களுக்கு முன்பே அளந்து, வெளியிடாமல் வைத்துவிட்டார். அந்தத் தாள்கள் 1879-ல்தான் அச்சாகின. உலகம் கற்றுக்கொண்டது ஃபாரடேவிடமிருந்து.

மழையில் நனைந்த ஸ்கிரீன் ஏன் குழம்புகிறது என்பதற்கு விடையும் இதுவே. காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரின் இந்தக் குணம் சுமார் 80 மடங்கு. ஒரு துளி விழுந்தாலே சிப் அதை விரலோ என்று நினைக்கலாம்.

அவர் அளந்த முறையும் இன்று வரை வருகிறது. ஒன்றைத் தனியாக அளக்காமல், அதே மாதிரி இன்னொன்றோடு ஒப்பிட்டார். டச் சிப்புகள் பலவும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஒப்பிட்டு, இரண்டிலும் பொதுவாக வரும் ஆட்டத்தைக் கழித்துவிடுகின்றன. கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விரல்.

கடலுக்கடியில் குழம்பிய தந்தி

1850-களில் இங்கிலாந்தில் இதே தொல்லை பெரிய அளவில் வந்தது. கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை போட்ட தந்திக் கம்பிகளைத் தண்ணீருக்கடியில் போட்டபோது, கூர்மையாக அனுப்பிய சமிக்ஞை மறுமுனையில் இழுத்துப் பூசியது போல வந்து சேர்ந்தது. பொறியாளர் லாடிமர் கிளார்க் போன்றோர் காட்டிய இந்தப் பிரச்சினையை, நூறு மைல் நீளக் கம்பியில் நடந்த சோதனைகளைப் பார்த்து ஃபாரடே 1854-ல் விளக்கினார். உள்ளே செம்பு, நடுவே உறை, வெளியே தண்ணீர். கேபிள் முழுவதும் ஒரு ராட்சத கெப்பாசிட்டர். சமிக்ஞை போவதற்கு முன் அது நிரம்ப வேண்டும்.

ஆர்டுயினோ போர்டில் டச் சென்சார் செய்து பார்க்கும் கல்லூரி மாணவர்களுக்கு இன்றும் சொல்லும் முதல் அறிவுரை இதன் வாரிசுதான். சென்சாருக்குப் போகும் ஒயரை நீளமாக இழுக்காதே. நீளம் கூடினால் தேவையில்லாத மின்தேக்குத் திறனும் கூடும், அக்கம்பக்கத்து இரைச்சலைப் பிடிக்கும் ஆன்டெனாவாகவும் அது மாறும்.

இப்போ என்ன செய்யலாம்?

* சார்ஜில் போட்டால் மட்டும் டச் ஆடுகிறதா? டிஸ்ப்ளேவை மாற்ற ஓடாதீர்கள். முதலில் வேறு நல்ல சார்ஜரையும் கேபிளையும் வைத்துப் பாருங்கள். பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள்.
* அவசரமாக ஓடிபி அடிக்கவோ பணம் அனுப்பவோ வேண்டுமா? சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தப்பான எண்ணில் விரல் விழுந்தால் நஷ்டம் உங்களுக்கு.
* பம்புசெட், வெல்டிங் மெஷின் ஓடும் அதே லைனில் போனைச் செருகாமல் இருப்பது நல்லது. அவை போடும் திடீர் அதிர்வு சார்ஜர் வரை வரும்.
* போனைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறதா? அந்த சார்ஜரை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.
* டச் போர்டு செய்பவர்களுக்கு: ஒயர் குட்டையாக இருக்கட்டும், காவல் தகடு வையுங்கள், பல முறை அளந்து சராசரி எடுங்கள். தொட்டதாக முடிவெடுக்க ஒரு அளவும், விட்டதாக முடிவெடுக்க அதைவிடக் குறைந்த அளவும் வைத்தால் விளக்கு கண் சிமிட்டாது. ஒரு அலைவரிசையில் இரைச்சல் இருந்தால் வேறு அலைவரிசைக்குத் தாவும் சிப்புகளும் உண்டு.

மறதியோடு ஒரு போராட்டம்

இவ்வளவையும் செய்தவருக்குக் கணிதம் வராது. கோடுகளாகவும் படங்களாகவும் யோசித்தவர் அவர். அவற்றைச் சமன்பாடுகளாக்கியது பின்னால் வந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

இன்னொரு எதிரி, மறதி. 1840-ஐ ஒட்டி உடல்நிலை மோசமாகிப் பல மாதங்கள் ஆய்வை நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஞாபக சக்தி அவரை அடிக்கடி கைவிட்டது. அவர் நம்பியது நோட்டுப் புத்தகத்தை. ஒவ்வொரு சோதனையும், தோற்றதும் சேர்த்து, எண் போட்டு எழுதப்பட்டது. அந்த எண்கள் 16,041 வரை போகின்றன. மனசு மறந்ததையெல்லாம் பைண்டிங் செய்த தாள்கள் காப்பாற்றிக் கொடுத்தன.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். ஆனால் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை மட்டும் விடவில்லை. 1860-61 வரை மொத்தம் 19 தொடர்கள் நடத்தினார்.

1867 ஆகஸ்ட் 25 அன்று, அரசி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். பிரபலங்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் தனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் நடந்தது.

1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு மின்தேக்குத் திறனின் அலகை ஃபாரட் என்று உறுதி செய்தது. வில்லியனூரும் பாகூரும் அப்போது அதே பாரிஸின் ஆட்சியில் இருந்தன. ஃபாரடே இறந்து 98 வருடங்கள் கழித்து, 1965-ல், இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வகத்தில் இ.ஏ. ஜான்சன் விரலால் தொட்டு இயக்கும் கெப்பாசிட்டிவ் திரையை விவரித்தார். அந்தத் திரையின் வாரிசு இன்று நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறை அதைத் தொடும்போதும் உள்ளே இருக்கும் சிப் அளப்பது, கொல்லர் மகனின் பெயர் கொண்ட அந்த அலகின் மிக மிகச் சிறிய ஒரு துணுக்கைத்தான்.